பின்கதவுக்கு ஒரு துப்பாக்கி

ஒரு வீட்டுக்குப் பின்கதவு என்று ஒன்று இருந்தால் அது மூட வேண்டும். இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது என்றுதான் வெர்னன் ஸ்டக்கி அறுபத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தார். மிசௌரி மாநிலத்தில், ஹார்லன் கிரீக் ஊருக்கு வெளியே, ஃபெசன்ட் ரிட்ஜ் குடியிருப்போர் நலச் சங்கத்தின் எல்லைக்குள் வீடு வாங்கிய பிறகுதான் அவருக்கு அறிவு வந்தது.

கதவுக்கு வந்த நோய் சின்னது. தாழ்ப்பாளின் நாக்கு தேய்ந்துபோயிற்று. சாத்தினால் சாத்தியது போலவே இருக்கும். மேற்கேயிருந்து காற்று வீசினால் தானாகத் திறந்துகொள்ளும். அந்த ஊரில் மேற்கேயிருந்து காற்று வீசாத நாள் வருஷத்தில் நாலோ ஐந்தோ.

அவர் மனைவி ஆர்லீனுக்கு இடுப்பெலும்பு மாற்றி மூன்று வாரம். நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும். வெர்னன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் இரண்டரை மணி, பிற்பகலில் இரண்டரை மணி அவள் தனியாகத்தான் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு மறுநாளே அவர் இரண்டு வார விடுப்புக் கேட்டுப் பார்த்தார். மனைவியின் இடுப்பு, விடுப்பு விதிகளில் ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியலில் இல்லை என்று பேருந்து அலுவலகம் வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஆர்லீன் மேஜையருகே உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தால் எதிரே ஓர் ஆள். பார்சல் கொடுக்க வந்தவன். வீடு மாறி வந்துவிட்டான். முன்பக்கம் மணியடித்துப் பார்த்ததாகவும், யாரும் வராததால் பின்பக்கம் வந்ததாகவும், கதவு திறந்திருந்ததாகவும் சொன்னான். தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டான். போய்விட்டான். மரியாதை தெரிந்தவன். ஆனால் அவன் போன பிறகு ஒரு மணி நேரம் ஆர்லீன் பீன்ஸைத் தொடவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்னன் வீடு திரும்பியதும் அவள் சுருக்கமாகச் சொன்னாள். "ஒரு மாசம் பார்ப்பேன் வெர்ன். அதுக்குள்ள அந்தக் கதவு மூடணும். இல்லேன்னா நான் துல்சாவுக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அங்க எல்லாக் கதவும் மூடுது."

முப்பத்தொன்பது வருஷத்தில் ஆர்லீன் சொல்லிச் செய்யாத காரியம் ஏதாவது உண்டா என்று வெர்னன் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

சனிக்கிழமை ஆணிக்கடைக்குப் போய்ப் பதினொரு டாலருக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார். பின்கதவருகே மண்டியிட்டு முதல் திருகாணியைக் கழற்றினார். இரண்டாவதில் திருப்புளியை வைத்தபோது பின்னால் மின்வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கோல்ஃப் மைதானத்தில் ஓட்டுவார்களே, அந்தச் சின்ன வண்டி. அதில் சங்கத் தலைவி ஜெனீவா பிங்கம் அம்மையார், மடியில் அட்டையும் காகிதமுமாக அமர்ந்திருந்தார். முப்பது வருஷம் பள்ளித் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் பிள்ளைகள் கையைவிட்டுப் போன பிறகு, அவர்களைப் பெற்றவர்களை எடுத்துக்கொண்டார்.

வெளிக்கதவும் அதன் உறுப்புகளும் இல்லத்தின் புறத்தோற்றத்தைச் சேர்ந்தவை என்று அம்மையார் விளக்கினார். எந்த உறுப்பை மாற்றுவதானாலும் பதினாலாம் எண் படிவத்தில் தோற்றக் குழுவுக்கு மனுச் செய்ய வேண்டும். நிற மாதிரி இணைக்க வேண்டும். இரு பக்கத்து வீட்டாரின் கையொப்பம் வேண்டும். முடிவு தொண்ணூறு நாளில்.

"தாழ்ப்பாள் உள்ளே இருக்குங்க," என்றார் வெர்னன்.

"அதோட தலை வெளியே தெரியுது, மிஸ்டர் ஸ்டக்கி."

"தெரிஞ்சா என்ன. பின்னால சோளக்காடுதானே இருக்கு."

"சோளத்தை அறுத்த பிறகு?"

வெர்னன் சோளக்காட்டை ஒரு தரம் பார்த்தார். கழற்றிய திருகாணியைத் திரும்ப முடுக்கிவிட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டார். அவர் கோழை அல்ல. ஆனால் குடிவந்த முதல் வருஷம் குருவிக் கூண்டுக்குச் சிவப்புக் கூரை போட்டதற்காகச் சங்கம் அவரை நீதிமன்றம்வரை இழுத்திருந்தது. கூரை இப்போது மண்ணிறம். குருவிகள் வருவதில்லை.

அம்மையார் இரக்கமில்லாதவர் அல்ல. தொண்ணூறு நாள் ஒரு குடும்பத்தைத் திறந்த கதவோடு விட அவருக்கு மனம் வரவில்லை. சங்கத்தின் ஏழாம் எண் சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். மனு நிலுவையில் உள்ள காலத்தில் இல்லத்தார் தம் பாதுகாப்புக்கு இடைக்கால ஏற்பாடாக ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ளுமாறு அதில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. சிறு குண்டுகள் சிதறும் ரவைத் துப்பாக்கி விரும்பத்தக்கது.

"அதுக்கு எத்தனாம் நம்பர் படிவம்?" என்று வெர்னன் கேட்டார்.

"அதுக்குப் படிவமே கிடையாது. அது வீட்டுக்குள்ள இருக்கிற பொருள். புறத்தோற்றத்தைப் பாதிக்காது. இல்லத்தாரோட சொந்த விஷயத்துல சங்கம் தலையிடாது."

இப்படியாக வெர்னன் துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

கடையில் நாலு பேர் இலை தழை அச்சிட்ட சட்டை போட்டிருந்தார்கள். காட்டில் மறைந்துகொள்வதற்கான சட்டை. நாலு பேரும் நன்றாகவே கண்ணுக்குத் தெரிந்தார்கள். அவர்களில் தாடி அதிகம் இருந்தவன் முன்னால் வந்தான். பெயர் டிராவிஸ் என்று சட்டையில் இருந்தது. எதற்குத் துப்பாக்கி என்று கேட்டான். பின்கதவு மூடவில்லை என்றார் வெர்னன். டிராவிஸ் தலையாட்டினான். அவனுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

"முதல்ல, வரப்போற ஆள் எப்படிப்பட்டவன்னு முடிவு பண்ணிக்கணும் சார்."

"இதுவரைக்கும் ஒருத்தன் வந்தான். தொப்பியைக் கழட்டினான்."

"அது நடிப்பு சார்."

வெர்னன் வாலிபத்தில் வாத்து சுட்டவர். அந்தக் காலத்தில் துப்பாக்கி என்றால் மரமும் இரும்பும். இப்போது சுவர் நெடுகக் கறுப்பாகத் தொங்கியவற்றில் விளக்கு இருந்தது, வார் இருந்தது, பக்கவாட்டில் தோட்டா செருகப் பை இருந்தது, பிடிக்குக் கீழே இன்னொரு பிடி இருந்தது. இந்த வருஷம் பாலைவன மணல் நிறம்தான் போகிறது என்றும், கறுப்பைப் பார்த்தால் போன வருஷத்து ஆள் என்று நினைத்துவிடுவார்கள் என்றும் டிராவிஸ் எச்சரித்தான். யார் நினைப்பார்கள், திருடனா என்று வெர்னன் கேட்டார். அக்கம்பக்கத்தார் என்றான்.

பிறகு ஒன்றை எடுத்து முன்பிடியை இழுத்துத் தள்ளினான். கடையே ஒரு கணம் நின்று கேட்டது.

"இதோட பெரிய பலமே இந்தச் சத்தம்தான் சார். திருடன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் இது புரியும். ஓடிருவான். நீங்க சுடவே வேண்டாம்."

"சுடவே வேண்டாமா?"

"வேண்டாம் சார். சத்தமே போதும்."

"அப்போ சத்தத்தை மட்டும் குடு."

டிராவிஸ் உண்மையாகவே யோசித்தான். "சத்தம் தனியா வராது சார்," என்றான்.

ரவையில் சிக்கல் வந்தது. பெரிய ரவை திருடனைத் துளைத்து, மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவர்கள் நாலைத் துளைத்துப் போகும். நாலாவது சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பல் டாக்டர் ஹேகர்மன் குளிக்கும் அறை. வெர்னன் அதைச் சொன்னார். அப்படியானால் சின்ன ரவை போடலாம் என்றான் டிராவிஸ். அது சுவரைத் துளைக்காது. திருடனையும் அவ்வளவாகத் துளைக்காது. அவனுக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். டாக்டரா திருடனா என்பதை வாடிக்கையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். வெர்னன் சின்ன ரவையே போதும் என்றார். டாக்டரிடம் அவருக்கு ஒரு பல் பாக்கி இருந்தது.

வீட்டில் இருக்கப்போவது தன் மனைவி என்றும், அவள் நடைச்சட்டம் பிடித்து நடப்பவள் என்றும் கடைசியில்தான் அவருக்குச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. டிராவிஸ் எடை குறைந்த ஒன்றை எடுத்துக் காட்டினான். உதைப்புக் குறைவு, பெண்களுக்கென்றே செய்தது. இடது கை முன்பிடியில், வலது கை விசையில்.

"நடைச்சட்டத்தை எந்தக் கையில பிடிக்கிறது தம்பி?"

"தோள் வார் இருக்கு சார்."

"துப்பாக்கிக்கா, நடைச்சட்டத்துக்கா?"

"வார் எதுல மாட்டினாலும் மாட்டும் சார்."

அரசாங்கத்தின் படிவம் ஒன்று இருந்தது. நீங்கள் தலைமறைவுக் குற்றவாளியா என்று கேட்டது. இல்லை என்று குறித்தார். தலைமறைவானவர்கள் என்ன குறிப்பார்கள் என்று தெரியவில்லை. டிராவிஸ் எங்கோ தொலைபேசியில் பேசினான். எல்லாம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. அதில் ஐந்து நிமிஷம் பேனா தேடியது.

கூடவே ஒரு இரும்புப் பெட்டகமும் வாங்க வேண்டியதாயிற்று. வீட்டில் துப்பாக்கியைப் பூட்டாமல் வைப்பது பொறுப்பில்லாத செயல் என்று டிராவிஸ் சொன்னான். பெட்டகத்துக்கு எண் பூட்டு ஒன்று, உள்ளே நாலு எஃகுத் தாழ்ப்பாள்.

ஆர்லீன் இரண்டையும் பார்த்தாள். பெட்டகத்தின் கதவை ஒரு விரலால் தள்ளிச் சாத்தினாள். நாலு தாழ்ப்பாளும் ஒன்றாக விழுந்தன. நல்ல கனமான சத்தம்.

"நான் கேட்டது தாழ்ப்பாள்," என்றாள். "வாங்கிட்டு வந்திருக்க. நாலு. எனக்கில்ல, அதுக்கு."

"திருட்டுப்போயிரக் கூடாதில்ல."

"சரி. அப்போ அதை வெளிய எடுத்து நாற்காலியில உட்கார வை. நான் உள்ள போய்ப் பூட்டிக்கிறேன்."

அந்த வாரமே எட்டாம் எண் சுற்றறிக்கை வந்தது. பெட்டகத்தைத் திறக்க நாற்பது நொடி ஆகிறது என்றும், திருடன் கூடத்தைக் கடக்க ஏழு நொடி போதும் என்றும் குழு கண்டறிந்திருந்தது. ஆகவே பெட்டகங்களைத் திறந்தே வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. வெர்னன் திறந்து வைத்தார். வீட்டில் இப்போது திறந்த கதவு இரண்டு.

ஃபெசன்ட் ரிட்ஜில் பதினேழு வீடு. ஒரு வீட்டில் வாங்கினால் அடுத்த வீடு சும்மா இருக்குமா. ஹேகர்மன் மணல் நிறத்தில் வாங்கினார். அவர் மனைவி, சோபாவுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லிச் சோபாவை மாற்றினாள். எதிர்வீட்டு யோகா ஆசிரியை, இயற்கை மரப் பிடி போட்டது, ரசாயனப் பூச்சு இல்லாதது என்று தேடி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வாட்டிய இறைச்சி தின்கிற இடத்தில் முன்பு புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆண்கள், இப்போது ரவை பரவும் அகலத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டார்கள். குடியிருப்பு உண்டான பதினொரு வருஷத்தில் அங்கே களவுபோனது ஒரே ஒரு பூசணிக்காய். அதுவும் மான் தின்றது என்று பிறகு தெரிந்தது.

துப்பாக்கி உள்ளே இருந்தால் திருடனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அடுத்த கூட்டத்தில் எழுந்தது. நியாயமான கேள்வி. ஆளாளுக்கு ஒரு பலகை எழுதி வைத்தால் தெருவின் அழகு கெடும். ஆகவே ஒன்பதாம் எண் சுற்றறிக்கைப்படி சங்கமே ஒரே அளவில், மண்ணிறத்தில், பதினேழு பலகை செய்து வீட்டுக்கு முன் புல்வெளியில் நட்டது. மேல் வரியில், இவ்வில்லம் பாதுகாக்கப்பட்டது. கீழ் வரியில், எந்த வகைத் துப்பாக்கி, எத்தனை தோட்டா கொள்ளும், விளக்கு உண்டா இல்லையா. ரோட்டிலிருந்து கண்ணாடி போடாமல் படிக்கலாம்.

மாவட்டத்தின் மிகப் பாதுகாப்பான தெரு என்ற விருது ஃபெசன்ட் ரிட்ஜுக்குக் கிடைத்ததில் யாருக்கும் வியப்பில்லை. ஞாயிறு இரண்டு மணி முதல் நாலு மணி வரை சங்க மன்றத்தில் விழா, அனைத்து இல்லத்தாரும் வர வேண்டும், வராதவர்களுக்கு அபராதம் என்று குடியிருப்பின் நுழைவு வளைவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மன்றத்தின் கதவில், ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை என்ற பழைய பலகை இருந்தது. எனவே எல்லோரும் துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். ஆர்லீன் உருளைக்கிழங்கு சாலட் செய்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஜெனீவா அம்மையார் ஐம்பது நிமிஷம் பேசினார்.

நாலரை மணிக்கு எல்லோரும் வீடு திரும்பினார்கள். பதினேழு வீட்டிலும் துப்பாக்கி இல்லை. வேறு எதுவும் போகவில்லை. யாருடைய நகையும் போகவில்லை, யாருடைய தொலைக்காட்சியும் போகவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் புல்வெளிப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே தெருக்கோடிவரை நடந்தார். கடையில்கூட இவ்வளவு தெளிவாக எழுதி வைக்கமாட்டார்கள் என்றார். ஹேகர்மனுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

வெர்னன் வீட்டுப் பின்கதவு மட்டும் மூடியிருந்தது.

வெர்னன் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மேற்கேயிருந்து நல்ல காற்று. அப்போதும் அசையவில்லை. குனிந்து பார்த்தால், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஏழாம் எண் சுற்றறிக்கை நாலாக மடித்து இறுகச் செருகப்பட்டிருந்தது. கதவு காற்றில் அடித்துக்கொண்டால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று திருடன் யோசித்திருக்கிறான்.

ஆர்லீன் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"அவன் வந்து கால் மணி நேரம்கூட இருந்திருக்க மாட்டான்," என்றாள். "இந்தக் கதவுக்கு இதுவரைக்கும் ஏதாவது செஞ்ச ஒரே ஆள் அவன்தான்."

அன்று அவள் கூடத்து நாற்காலியிலேயே தூங்கினாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் முறையாகக் குறட்டை விட்டாள். வெர்னன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று பத்தாம் எண் சுற்றறிக்கை. பதினேழு துப்பாக்கிகள் இப்போது திருடர் கையில் இருப்பதால் ஆபத்து பதினேழு மடங்கு ஆகிவிட்டது என்று அது கணக்கிட்டிருந்தது. முதல் துப்பாக்கி களவுபோனதற்குக் காரணம் அதைக் காக்க வீட்டில் ஒரு துப்பாக்கி இல்லாததே. ஆகவே இல்லத்துக்கு இரண்டு. மற்றது வெர்னனுக்குத் தனிக் கடிதம். அவர் வீட்டுப் பின்கதவில் அங்கீகாரம் பெறாத காகிதப் பொருள், வெள்ளை நிறம், அரை அங்குல அளவுக்குப் புறத்தே தெரிவதாகவும், வியாழக்கிழமைக்குள் அகற்ற வேண்டும் என்றும்.

"அதை உருவினா நான் கிளம்பறேன்," என்றாள் ஆர்லீன். பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள்.

உருவுவதில்லை என்றே வெர்னன் முடிவு செய்தார். உறுதியான முடிவு. புதன்கிழமை முழுவதும் அது நின்றது.

வியாழக்கிழமை காலை பேருந்து ஓட்டிவிட்டு வரும் வழியில் துப்பாக்கிக் கடைக்கு வெளியே வரிசை நிற்பதைப் பார்த்தார். முழுத் தெருவும் நின்றது. ஹேகர்மன் கையசைத்தார். பதினேழு துப்பாக்கி வெளியே திரிகிறது, இந்த மனுஷன் காகிதத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறாரே என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வெர்னன் வண்டியை நிறுத்தினார். டிராவிஸ் இந்த முறை எதற்கு என்று கேட்கவில்லை. பெரிய ரவை, விளக்கு, வார், எல்லாம் இரண்டிரண்டு. பத்து நிமிஷம். பேனா தயாராக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் பின்கதவருகே மின்வண்டி நின்றிருந்தது. ஜெனீவா அம்மையார் அட்டையும் காகிதமுமாக வெளியே. ஆர்லீன் மேஜையருகே உள்ளே. நடுவில் கதவு. கண்ணாடி வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மையாருக்கு அபராதம் விதிப்பதில் விருப்பமில்லை. அதையும் சொன்னார். கெடு மாலைவரை இருக்கிறது. மேலும், வெர்னன் கையில் இருப்பதைப் பார்த்துத் தன் பாராட்டைத் தெரிவித்துக்கொண்டார்.

வெர்னன் யோசித்தார். காகிதம் எதற்கு இருந்தது? துப்பாக்கி இல்லாததால் இருந்தது. இப்போது துப்பாக்கி வந்துவிட்டது. அப்படியானால் காகிதம் எதற்கு? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கணக்குச் சரியாகத்தான் வந்தது. குனிந்தார். ஏழாம் எண் சுற்றறிக்கையை இரண்டு விரலால் பிடித்து உருவினார். கதவு மெல்லத் திறந்தது.

அம்மையார் காகிதத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டார்.

ஆர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். பிற்பகல் அவர் பள்ளிப் பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டு வரும்போது துல்சாவிலிருந்து வந்த கார் வாசலில் நின்றது. தங்கை பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆர்லீன் முன்சீட்டில் உட்கார்ந்து, நடைச்சட்டத்தை மடித்துப் பின்னால் வைத்தாகிவிட்டது. வெர்னன் ஏதோ சொல்லப் பார்த்தார். தாழ்ப்பாள் மனு என்னாயிற்று என்றாள். இன்னும் அறுபத்தோரு நாள் என்றார்.

"மேஜைமேல சாலட் இருக்கு," என்றாள். "துப்பாக்கியைத் தனியா விட்டுட்டுப் போகாத. கதவு மூடாது."

கார் போய்விட்டது.

மறுநாள் காலை ஜெனீவா அம்மையார் வந்து ஒரு சான்றிதழ் கொடுத்தார். தெருவிலேயே எல்லா விதிகளுக்கும் முழுமையாக உட்பட்ட ஒரே இல்லம் அதுதான் என்று அதில் அச்சிட்டிருந்தது. வெர்னன் அதைப் பெட்டகத்துக்கு மேல் வைத்தார். பேருந்து ஓட்டப் புறப்பட வேண்டிய நேரம். சாவியை எடுத்தார். துப்பாக்கியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மேற்கேயிருந்து காற்று.

சாவியை வைத்துவிட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். விடுப்பு வேண்டும் என்றார். காரணம் கேட்டார்கள்.

"வீட்டுல துப்பாக்கி தனியா இருக்கு."

உடனே கொடுத்தார்கள். அது பட்டியலில் இருந்தது. அன்று காலை ஏற்கெனவே ஆறு ஓட்டுநர்கள் அதே காரணத்துக்காக விடுப்பில் இருந்தார்கள்.